கிணறு எங்கே போய் நிற்கும்? – எல்லையும் கிடை அணுகுகோடும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தால் வாகரை. கிழக்கே கடல், மேற்கே களப்பு, இரண்டுக்கும் நடுவே மணல். மாங்கேணி, பால்சேனை, கதிரவெளி என்று கோறளைப்பற்று வடக்கின் கரையோர ஊர்கள் பலவும் மணலை நம்பித்தான் குடியிருக்கின்றன. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரி மழை அந்த மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்பு நீரின்மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. சில சீமெந்து வளையங்களை இறக்கினால் கிணறு தயார்.

2004 டிசம்பர் 26 காலை கடல் அந்த மணலின்மேல் ஏறியது. கிணறுகளுக்குள் நேராகக் கடல் நீர் விழுந்தது. பள்ளங்களில் தேங்கி நின்ற கடல் நீரும் நாள்பட மணலுக்குள் இறங்கியது. அமெரிக்க, இலங்கை, டென்மார்க் நீரியல் ஆய்வாளர்கள் 2005 பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை இலங்கைக் கரையோரத்தின் நிலத்தடி நீரை ஆராய்ந்து அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாடு முழுவதிலும் 40,000க்கு மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தோ உப்பாகியோ போயின என்பது அதில் உள்ள மதிப்பீடு.

உப்பேறிய கிணற்றுக்கு எவருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம், இறைத்து ஊற்றுவது. அப்படியே இறைத்தார்கள். சில இடங்களில் அது பலித்தது. வேறு சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் உப்புக் கூடியது என்று அதே கட்டுரை சொல்கிறது. செய்த வேலை ஒன்றுதான், கிடைத்த பலன் இரண்டு. ஏன் என்று விளங்கிக்கொள்ள உயர்தர இணைந்த கணிதத்தில் சில பக்கங்களில் முடிந்துபோகும் ஒரு பாடம் போதும். சார்பின் கிடை அணுகுகோடு என்பது அதன் பெயர். தமிழ்நாட்டு மாணவர்கள் இதையே தொலைத்தொடுகோடு என்று படிப்பார்கள்.

தொட்டியில் ஒரு கணக்கு

கிணற்றுக்குப் போகுமுன் சுலபமான ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. தொட்டியில் 1,000 லீற்றர் கடல் நீர் இருக்கிறது. கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதற்குள் லீற்றருக்கு 1 கிராம் உப்புள்ள நிலத்தடி நீரை ஊற்றிக்கொண்டே போகிறோம். எதையும் வெளியே எடுப்பதில்லை. தொட்டி எவ்வளவும் கொள்ளும்.

ஊற்றிய நீரை ஆயிரம் லீற்றர் கணக்கில் ‘ந’ என்போம். மொத்த உப்பு, கிலோகிராமில், 35 + ந. மொத்த நீர், ஆயிரம் லீற்றரில், 1 + ந. ஆகவே ஒரு லீற்றரில் உள்ள உப்பு

உ(ந) = (35 + ந) / (1 + ந) கிராம்.

ந = 1 என்றால் 18. ந = 9 என்றால் 4.4. ந = 99 என்றால் 1.34. ந = 999 என்றால் 1.034. உப்பு குறைகிறது, குறையும் வேகமும் தளர்கிறது, விடைகள் 1ஐ நோக்கி நெருங்குகின்றன. வரைபுத்தாளில் குறித்தால் வளையி இடப்பக்கம் 35இல் தொடங்கிச் செங்குத்தாக விழுந்து, பிறகு 1 என்ற உயரத்தில் போகும் கிடைக்கோட்டின் அருகே சரிந்து சரிந்து படுக்கிறது. அந்தக் கிடைக்கோடுதான் இந்தச் சார்பின் அணுகுகோடு.

‘நெருங்குகிறது’ என்ற சொல்லோடு கணிதம் திருப்தி அடைவதில்லை. வளையி 1.01ஐ நோக்கிப் போகவில்லை, 1ஐ நோக்கித்தான் போகிறது என்று எப்படி உறுதி சொல்வது? சார்பிலிருந்து 1ஐக் கழித்துப் பாருங்கள்:

உ(ந) – 1 = 34 / (1 + ந).

இனி நீங்கள் சவால் விடலாம். “இடைவெளி 0.1ஐவிடக் குறைய வேண்டும்” என்கிறீர்கள். ந 339ஐத் தாண்டட்டும், அதன் பிறகு எப்போதும் இடைவெளி 0.1க்குக் கீழேதான் என்பேன் நான். “0.01?” ந 3,399ஐத் தாண்டட்டும். எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும், அதற்கு அப்பால் மீறவே மாட்டாத ஓர் இடத்தை என்னால் காட்ட முடிந்தால், ‘ந முடிவிலியை நாடும்போது உ-இன் எல்லை 1’ என்று எழுத உரிமை உண்டு. 1.01 இந்தச் சோதனையில் தோற்கும். ந 3,399ஐத் தாண்டியதும் வளையி 1.01க்குக் கீழே இறங்கி, அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும்.

அதிபரவளைவின் அணுகுகோடுகளைப் பற்றிப் பெர்கா நகரத்து அப்பொல்லோனியஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அவர் கண்டது கோடுகளையும் வளைவுகளையும். எல்லை என்ற கருத்துக்குத் திருத்தமான உருவம் கிடைக்க 19ஆம் நூற்றாண்டில் கோஷியும் வையர்ஸ்ட்ராஸும் வர வேண்டியிருந்தது. நாம் மேலே விட்ட சவாலும் பதிலும் அவர்கள் வழி வந்தவை.

பெரிய படியைப் பார்

ஒவ்வொரு முறையும் எண்களைப் பிரதியிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு பல்லுறுப்பிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்த சார்புக்கு, அதாவது விகிதமுறு சார்புக்கு, ஒரு குறுக்கு வழி உண்டு. பகுதியில் உள்ள மிகப் பெரிய படியால் தொகுதியையும் பகுதியையும் வகுத்துவிடுங்கள். நம் சார்பை ந-ஆல் வகுத்தால்

(35/ந + 1) / (1/ந + 1).

ந பெருகப் பெருக 35/நவும் 1/நவும் கரைந்துபோகும். எஞ்சுவது 1/1. தொடக்கத்தில் தொட்டியில் இருந்த 35 விடையில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொட்டியில் சாக்கடலின் நீரே இருந்திருந்தாலும் எல்லை 1தான். முடிவைத் தீர்மானிப்பது தொட்டியில் கிடந்தது அல்ல, வந்து சேர்ந்துகொண்டிருப்பது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் இது மறுபடி தேவைப்படும்.

இதிலிருந்து மூன்று நிலைகள் பிறக்கின்றன.

தொகுதியின் படியும் பகுதியின் படியும் சமமானால், எல்லை தலைக் குணகங்களின் விகிதம். (3ம² + 5ம – 2) / (2ம² + 7) என்ற சார்பை ம²ஆல் வகுத்தால் 3/2 எஞ்சும். ம = 100 என்றால் மதிப்பு 1.524, ம = 1,000 என்றால் 1.5025. அணுகுகோடு 1.5 என்ற உயரத்தில்.

தொகுதியின் படி சிறிதானால் எல்லை 0. தொட்டியில் நிலத்தடி நீருக்குப் பதிலாக உப்பே இல்லாத மழை நீரை ஊற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். சார்பு 35 / (1 + ந) என்றாகிவிடும். கிடை அச்சே அணுகுகோடு.

தொகுதியின் படி பெரிதானால் கிடை அணுகுகோடு கிடையாது. தொட்டியின் மொத்த உப்பை மட்டும் கேட்டால் விடை 35 + ந. அதன் பகுதி வெறும் 1. அது எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். லீற்றருக்கு எவ்வளவு என்று கேட்டால் எல்லை இருக்கிறது, மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் எல்லை இல்லை. தொட்டியும் நீரும் அதேதான், கேள்விதான் வேறு.

கிணற்றடிக்கு வருவோம்

கிணற்றில் நாம் ஊற்றுவதில்லை, இறைக்கிறோம். கிணற்றில் பாதியை நீரிறைக்கும் இயந்திரம் எடுத்துவிடுகிறது. மீதிப் பாதி இடத்தை மணலிலிருந்து ஊறும் நீர் நிரப்புகிறது. சுற்றியுள்ள மணலில் லீற்றருக்கு 1 கிராம் உப்பு என்றே வைத்துக்கொள்வோம். 35இல் தொடங்கினால், முதல் இறைப்புக்குப் பின் 35க்கும் 1க்கும் சராசரி, 18. அடுத்து 9.5. பிறகு 5.25, 3.125, 2.06. ஒவ்வொரு முறையும் 1க்கு மேலே உள்ள மிகை பாதியாகிறது. த தடவைக்குப் பின்

கி(த) = 1 + 34 × (1/2)^த.

பத்தாவது இறைப்பில் 1.033. அதே 1 என்ற எல்லைதான். ஆனால் தொட்டியில் 1.034க்கு வர 9,99,000 லீற்றர் ஊற்ற வேண்டியிருந்தது. 1,000 லீற்றர் கொள்ளும் கிணற்றில் பத்து முறை பாதி பாதியாக எடுத்தால் 5,000 லீற்றரில் வேலை முடிந்துவிட்டது. உப்பைக் கலந்து தணிப்பதற்கும் வெளியே எடுத்துக் கொட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. அணுகுகோடு போய்ச் சேரும் இடத்தை மட்டும் சொல்லும், எவ்வளவு விரைவில் என்று சொல்லாது. அதற்குச் சார்பின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். விகிதமுறு சார்பு தள்ளாடித் தள்ளாடிப் போகும் தூரத்தை அடுக்குச் சார்பு சில எட்டில் கடந்துவிடும்.

இதுவரை கணக்கு இறைப்பவர் பக்கம். ஆழிப்பேரலைக்குப் பின் கிணற்றில் மட்டுமா கடல் நீர் இருந்தது? சுற்றியுள்ள மணலுக்குள்ளும் இறங்கியிருந்தது. மணலின் நீர் லீற்றருக்கு 5 கிராம் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சூத்திரம் இப்போது

கி(த) = 5 + 30 × (1/2)^த.

பத்து இறைப்புக்குப் பின் 5.03. இருபது இறைப்புக்குப் பின்னும் 5தான். குடிநீரில் கரைந்த உப்புகள் லீற்றருக்கு 1 கிராமைத் தாண்டினால் வாய் ஏற்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. 5 கிராமில் நிற்கும் கிணற்றை வைத்துக்கொண்டு டீசல் செலவழிப்பதில் அர்த்தமில்லை. கிணற்றின் சொந்த உப்பு முதல் சில இறைப்பிலேயே போய்விட்டது. மிச்சம் இருப்பது மணலின் உப்பு. தொட்டிக் கணக்கில் பார்த்த அதே பாடம்: வந்து சேர்வதுதான் எல்லையைத் தீர்மானிக்கிறது.

அதற்கும் மேலே இறைத்தால் என்ன ஆகும்? நல்ல தண்ணீர் ஒரு லீற்றர் 1,000 கிராம் என்றால் கடல் நீர் ஏறக்குறைய 1,025 கிராம். 1,000ஐ அந்த வித்தியாசமான 25ஆல் வகுத்தால் 40. மணலுக்குள் நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், அதைத் தாங்கக் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தின் கைபனும் 1901இல் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட உறவு இது. இதைத் திருப்பிப் படித்தால் பயம் வரும். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓர் அங்குலம் நிரந்தரமாக இறக்கினால், நீர் சமநிலைக்கு வரும்போது அடியில் உள்ள உப்பு நீர் 40 அங்குலம் மேலே வந்திருக்கும். கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்புபோல் எழும். சூத்திரத்தில் இருந்த 5 இப்போது 6 ஆகிறது, 7 ஆகிறது. இறைப்பவர் அணுகுகோட்டை நோக்கிப் போகவில்லை, அணுகுகோட்டையே மேலே தூக்கிக்கொண்டிருக்கிறார்.

அப்படியென்றால் மணலின் உப்பை யார் எடுப்பது? மழைதான். ஒவ்வொரு மாரியும் மணலுக்குள் இறங்கி, மிகையான உப்பில் பாதியைக் கடல் பக்கமும் களப்புப் பக்கமும் தள்ளிவிடும் என்று கணக்குக்கு வைத்தால், மணலின் உப்பு 5இலிருந்து 3, 2, 1.5, 1.25 என்று ஆண்டுக்கு ஆண்டு 1ஐ நோக்கி இறங்கும். இதற்குத் தேவை இயந்திரம் அல்ல, பொறுமையும் அதுவரைக்கும் தண்ணீர் பவுசரும். இலங்கையின் மணற்பாங்கான கரையோர நிலத்தடி நீர் பலவற்றில் உப்புக் குறையப் பல மாரிகள் வேண்டும் என்றே ஆய்வாளர்களும் மதிப்பிட்டார்கள்.

கோட்டைத் தாண்டக் கூடாதா?

‘அணுகுகோட்டை வளையி நெருங்கும், ஆனால் தொடாது’ என்று பல மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது பிழை. எல்லையின் வரையறையில் தொடக் கூடாது என்ற நிபந்தனை எங்குமே இல்லை. இடைவெளி சுருங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு அழகான சாட்சி கேரளத்திலிருந்து வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவர் பெயரால் வழங்கும் தொடரில் 4 – 4/3 + 4/5 – 4/7 + 4/9 என்று கூட்டிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். விடைகள் 4, 2.667, 3.467, 2.895, 3.340 என்று வரும். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமான விகிதம், 3.14159..., அதன் எல்லை. ஒவ்வொரு எட்டிலும் கோட்டைத் தாண்டிக்கொண்டே அந்தக் கோட்டில் போய் ஒடுங்குகிறது. ஆனால் மிக மெதுவாக: நூறு உறுப்புக் கூட்டிய பின்னும் இரண்டாம் தசம இடத்தில் பிழை இருக்கும். மாதவரின் வழிவந்தோர் தொடரை அப்படியே இழுத்துக்கொண்டிருக்கவில்லை. இறுதியில் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தார்கள். எல்லை மாறவில்லை, வேகம் மாறியது. மாதவருடையதாகச் சொல்லப்படும் மதிப்பு 11 தசம இடங்களுக்குச் சரியானது.

கரையோரக் கிணறும் இப்படித்தான் கோட்டைத் தாண்டும். அடை மழையில் வழக்கமான அளவுக்குக் கீழே போகும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கினால்தான் எல்லை உண்டு. சுருங்காமல் ஒரே அளவில் ஆடிக்கொண்டே இருந்தால், சைன் வளையியைப்போல, எல்லையும் இல்லை, அணுகுகோடும் இல்லை. உண்மையான கிணற்றுக்கு நாம் தேட வேண்டியது ஆண்டுச் சராசரியின் எல்லை. ஒரு நாள் அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. முடிவிலி வலப்பக்கம் மட்டும் இல்லை, இடப்பக்கமும் உண்டு. ம / √(ம² + 1) என்ற சார்பில் ம = 10 என்றால் 0.995, ம = –10 என்றால் –0.995. வலப்பக்கத்து எல்லை 1, இடப்பக்கத்து எல்லை –1. வர்க்கமூலத்துக்குள் இருக்கும் ம² வெளியே வரும்போது ம ஆக அல்ல, ம-இன் மட்டாக வரும் என்பதை மறந்தால் இந்த இரண்டாவது கோடு கைநழுவிவிடும். ஒரு சார்புக்கு ஆகக் கூடியது இரண்டு கிடை அணுகுகோடுகள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

களப்பு மீனும் ஒரு கோடும்

வாகரையில் கிணற்றடியை விட்டுக் களப்புக்குப் போனாலும் இந்தக் கோடு நம்மை விடாது. மீன் வாழ்நாள் முழுவதும் வளரும், ஆனால் வரவர மெதுவாக வளரும். ஆஸ்திரிய உயிரியலாளர் லுட்விக் வொன் பெர்தலன்ஃபி 1938இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். எட்ட வேண்டிய நீளத்துக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதற்கு விகிதசமமாகவே வளர்ச்சி வேகம் இருக்கும் என்பது அதன் சாரம். எட்ட வேண்டிய நீளம் 40 சென்றிமீற்றர், மிச்சத்தில் ஆண்டுக்கு 40 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் 16, இரண்டாம் ஆண்டில் 25.6, நான்கில் 34.8, எட்டில் 39.3. முதல் ஆண்டில் 16 சென்றிமீற்றர் வளர்ந்த மீன் எட்டாம் ஆண்டில் அரை சென்றிமீற்றர் அளவுக்குத்தான் வளர்கிறது.

இந்த 40ஐ மீன்வள அறிவியல் ‘முடிவிலி நீளம்’ என்கிறது. வலையில் விழும் எந்த மீனும் அதைத் தாண்டாது என்று பொருள் கொள்ளக் கூடாது. அது சராசரி மீனின் எல்லை. சில மீன் அதைவிட நீளமாகவும் அகப்படும். வெப்பமண்டல மீன்களில் வயதைக் காட்டும் செவிக்கல் வளையங்கள் பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. அதனால் இறங்குதுறையில் ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை அளந்து, அந்தப் பட்டியலுக்குப் பொருந்தும் வளையியைத் தேடி, அதன் அணுகுகோட்டைக் கணிக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் டேனியல் பவுலி போன்றோர் இந்த முறையைக் கணினிக்கு ஏற்றினார்கள். வலைக் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு விடை தேடும்போது இந்த எண்ணும் மேசைக்கு வரும்.

கிணறு, மீன், மாதவரின் தொடர் மூன்றிலும் செய்த வேலை ஒன்றுதான். முதலில் எல்லை இருக்கிறதா என்று கேட்டோம், பிறகு அது எது என்று கண்டோம், அதன் பின்னரே எவ்வளவு விரைவில் என்று பார்த்தோம். நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள். கரையோரத்தில் உங்கள் வீட்டுக் கிணறு உவர்த்தால், அடுத்த முறை இயந்திரத்தை முடுக்குமுன், ஒவ்வொரு இறைப்புக்குப் பின்னும் ஊறிய நீரின் உப்பை அளந்து குறித்துவையுங்கள். மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி போதும். அடுத்தடுத்த அளவுகளில் மாற்றம் நின்றுவிட்டால் கிணறு தன் அணுகுகோட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். ஏறத் தொடங்கினால் கோடே நகர்கிறது. இரண்டில் எது நேர்ந்தாலும் இறைப்பதை நிறுத்துங்கள். மீதி வேலை மாரியுடையது.